பாடியே போச்சுன்னா காயில் கட்டி என்ன பண்றது?

வீட்ல ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடன்ட் இருந்தா, மிக்ஸி நின்னாலும் வைஃபை போனாலும் எல்லாரும் அவனைத்தான் பார்ப்பாங்க. நான் ஃபைனல் இயர் ட்ரிப்பிள் ஈ. அப்பா கோயம்புத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். இப்படி ரெண்டு பேர் இருக்கற வீட்டை ஒரு கீசர் ரெண்டு மாசம் ஆட்டி வெச்சுதுன்னு சொன்னா சிரிப்பீங்க.

25 லிட்டர், 2 கிலோவாட் கீசர். வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. அது முழுசா கெட்டும் போகல, ஒழுங்காவும் ஓடல. நாலு நாள் நல்லா ஓடும். அஞ்சாவது நாள் சுவிட்ச் போட்டதும் ஈஎல்சிபி ட்ரிப் ஆகி வீடே இருட்டாகும். செத்துப்போன மெஷினை மாத்த யாரும் யோசிக்க மாட்டாங்க. இழுத்துக்கிட்டு கெடக்கற மெஷின்தான் குழப்பும். ஓடுற அன்னைக்கு "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு தோணும். ட்ரிப் ஆகுற அன்னைக்கு "இன்னைக்கே தூக்கிப் போடணும்"னு தோணும்.

முதல்ல வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அஞ்சே நிமிஷத்துல வழி சொல்லிட்டார். "கீசர் லைனை மட்டும் ஈஎல்சிபில இருந்து எடுத்து நேரா குடுத்துடலாங்க. அப்புறம் ட்ரிப்பே ஆகாது." ஆகாதுதான். ஆனா அந்தப் பெட்டி செய்யற வேலையே ஒண்ணே ஒண்ணுதான். ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தா, அந்தக் கரண்ட் வேற எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். அது ஈர உடம்பு வழியாவும் போகலாம். உடனே லைனைத் துண்டிச்சிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்னு வெச்சதுக்குக் காரணமே, அதுக்கு மேல போனா இதயத் துடிப்பு தாறுமாறாகிற ஆபத்து இருக்குங்கறதுதான். அதைக் கழட்டச் சொல்றது, நாய் குரைக்குதுன்னு நாயை விரட்டிட்டு கதவைத் திறந்து போட்டுத் தூங்கற மாதிரி. அப்பா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா கடையில இருந்து மெக்கர் எடுத்துட்டு வந்தார். மெயினை ஆஃப் பண்ணி, எலிமென்ட் ஒயரைக் கழட்டினோம். மல்டிமீட்டர்ல பார்த்தா 26 ஓம். 2 கிலோவாட் எலிமென்ட்டுக்கு அது சரியான கணக்குதான். ஆனா மெக்கர் 500 வோல்ட்ல பார்க்கும். எலிமென்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல பொதுவா ஒரு மெகா ஓமுக்கு மேல காட்டணும். முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்ல.

காரணம் எங்க போர் தண்ணி. சிறுவாணி குடிக்க, சமைக்க. குளிக்கறது உப்புத் தண்ணியில. சூடாக்கினா அதுல இருக்கற கால்சியம் எலிமென்ட் மேல சுண்ணாம்பா படியும். அந்தப் படிவம் போர்வை மாதிரி மூடிக்கறதால சூடு சீக்கிரம் வெளிய போகாம, எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடாகி உறையில வெடிப்பு விடும். உள்ள இருக்கற மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை இழுத்துக்கும். ஈரமா இருந்தா கசிவு, காய்ஞ்சிருந்தா இல்ல. நாலு நாள் ஓடி அஞ்சாவது நாள் படுக்கறதோட ரகசியம் இதுதான்.

எலிமென்ட், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய்னு கணக்கு வந்துச்சு. புது கீசர் 8,500. "எலிமென்ட்டை மாத்திப் போடலாம். 20 வருஷ மோட்டாருக்கே காயில் கட்டித் தர்றவன் நான்"னார் அப்பா. அந்த மாசம் கடையில வேலையும் கம்மி. நான் புதுசு வாங்கலாம்னேன். ரிலையபிலிட்டி பாடத்துல பாத்டப் கர்வ்னு ஒண்ணு வரும். ஒரு மெஷின் ஆரம்பத்துல கொஞ்சம் படுத்தும், நடுவுல அமைதியா ஓடும், கடைசியில பழுது ஏறிக்கிட்டே போகும். இந்தக் கீசர் கடைசிப் பக்கத்துக்கு வந்துடுச்சுன்னு சொன்னேன். "நம்ம வீட்ல பாத்டப்பே இல்லையே"ன்னார் அப்பா.

இந்த வாக்குவாதம் ஒரு வாரம் ஓடுச்சு. மார்கழி மாசம். அப்பத்தா தினமும் அஞ்சு மணிக்கே குளிச்சிட்டு வாசல்ல கோலம் போடும். வயசு 76, வீசிங் வேற. ஒரு நாள் புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்காக ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். பாத்ரூம்ல தண்ணி சத்தம் கேட்டுது, கீசர் லைட் எரியல. வெளிய வந்ததும் கேட்டேன்.

"நான் போட்டா கரண்டு போயிருது சாமி. அப்புறம் உங்கப்பன் எந்திரிச்சு வந்து அதை ஏத்தோணும். பாவம், ராத்திரி பத்து மணிக்கு வர்றவன். மூணு வாரமா பச்சத் தண்ணிதான், பழகிருச்சு."

எங்க கணக்குல கீசர் நாலு நாள் ஓடுது. அப்பத்தா கணக்குல அது மூணு வாரமா ஓடவே இல்ல. நம்ப முடியாத மெஷினை மனுஷங்க சத்தமில்லாம விட்டுடுவாங்க. அந்தச் செலவு எந்த பில்லுலயும் வராது.

இதை அப்பாகிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. கடைக்குப் போகாம டூல்ஸ் பாக்ஸை எடுத்தார். தண்ணியை வடிச்சு, அடி ஃபிளாஞ்சைக் கழட்டினோம். ரெண்டு கை நிறைய சுண்ணாம்பு கொட்டுச்சு. மெக்னீசியம் ஆனோடு இருந்த இடத்துல ஊசி மாதிரி நடுக்கம்பி மட்டும். டேங்க் இரும்பு துருப்பிடிக்காம இருக்க தன்னையே கரைச்சுக்கறதுதான் அதோட வேலை. அது தீர்ந்து ரொம்ப நாள் ஆகியிருக்கணும். டார்ச் அடிச்சுப் பார்த்தா, வெல்டிங் ஓரத்துல எனாமல் உரிஞ்சு துரு பொரிஞ்சு நிக்குது.

அப்பா ஒரு நிமிஷம் பார்த்துட்டு சொன்னார்: "மோட்டார்னா வார்ப்பிரும்பு பாடி. எத்தனை தடவை வேணா காயில் கட்டலாம். இதுக்கு பாடியே போச்சு. பாடி போனதுல காயில் கட்டி என்ன பண்றது?"

அன்னைக்கே புதுசு வந்துடுச்சு. பழசுல இருந்து தெர்மோஸ்டாட்டை மட்டும் கழட்டி கடை டப்பாவுல போட்டுக்கிட்டார். ரிப்பேர்காரர் ரிப்பேர்காரர்தான்! புதுசுல சூட்டை 55 டிகிரிக்கு மேல வைக்கறதில்ல, சுண்ணாம்பு குறைவாப் படியும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆனோடைப் பார்க்கணும்னு காலண்டர்ல எழுதியாச்சு.

உங்க வீட்ல இப்படி ஒண்ணு இழுத்துக்கிட்டு கெடந்தா, விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. போனது மாத்தக்கூடிய பார்ட்டா, இல்ல பாடியா? எலிமென்ட், தெர்மோஸ்டாட், ஆனோடு போனா மாத்துங்க, தாராளமா ஓடும். டேங்க் போனா விட்டுடுங்க. அடுத்தது, வீட்ல யாரு வாயைத் திறக்காம அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்காங்க?

அப்புறம் ஹாஸ்டலோ வீடோ, மாசம் ஒரு தடவை ஈஎல்சிபில இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. ட்ரிப் ஆச்சுன்னா சந்தோஷம். ஆகலைன்னா கீசரை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல அந்தப் பெட்டியை மாத்துங்க.