ஹிஞ்சேவாடியில் முதுமை

புணே நகருக்கு மேற்கே முள்ஷி வட்டத்திலுள்ள ஹிஞ்சேவாடி, ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்றோ, ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கே மூன்று கட்டங்களாகப் பரந்து கிடக்கிறது. காலை ஒன்பது மணிக்கு விப்ரோ சதுக்கத்தைக் கடந்தவர் எவரும் அந்த நெரிசலை எளிதில் மறவார்.

ஆனால் நாம் கூற வந்தது அலுவலகம் செல்லும் இளைஞரைப் பற்றியன்று. மாலையில் அடுக்குமாடி வீடுகளின் பூங்காக்களில் அமர்ந்திருக்கும் அவர்தம் பெற்றோரைப் பற்றியதாகும். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, மராத்தியும் ஹிந்தியும் அறியாமல், அண்டை வீட்டாரின் கேள்விக்குப் புன்னகையையே விடையாக அளிக்கும் தாத்தா பாட்டிமார் நம்மிடையே உண்டு.

முதுமையை இப்பொழுது பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி ஆராய்கின்றன. இதே புணே மாவட்டத்தின் வடு கிராமத்தில், கே.இ.எம். மருத்துவமனையின் ஆராய்ச்சி மையம் 2007-ஆம் ஆண்டை ஒட்டி முதியோர் நலனை ஆராய்ந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு இவ்வாய்வு நடந்த எட்டு இடங்களில் வடுவும் ஒன்று. இதனினும் பெரியது, மும்பை தேவனாரிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும், அமெரிக்காவின் ஹார்வர்டு, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு. 2017-18-இல் தொடங்கிய முதற்சுற்றில், சிக்கிம் நீங்கலாக, 45 வயது கடந்தோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,250 பேரைக் கண்டார்கள். கைப்பிடியின் வலிமையை அளந்தார்கள். நடக்கச் செய்து நேரம் குறித்தார்கள். பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி, சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து கூறச் சொன்னார்கள்.

இதன் கிளையாக எழுந்த மறதிநோய் ஆய்வின் கணக்கு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி, நம் நாட்டில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டு.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஒரு கவலை. அறியாத மொழியில் கூறிய பத்துச் சொற்களை எந்தப் பாட்டிதான் நினைவில் வைப்பார்? மொழி புரியாமையை மறதி என்று எண்ணிவிடவும் கூடும். மெய்யான மறதியை மொழி புரியாமை என்று நாமே தள்ளிவிடவும் கூடும். பின்னதே ஆபத்தானது என்பது நம் கருத்து. பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் சோதனையைத் தமிழில் நடத்தித் தருமாறு கேட்கலாம். அது இயலாதெனின், மொழிபெயர்க்க உடனிருப்பவர், அன்பினால் விடையை எடுத்துக் கொடுக்காதிருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் செய்யும் முதற்பிழை அதுவே!

இத்துறையில் சென்னை முந்தியது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் ஏற்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. கோடை விடுமுறையில் பெற்றோருடன் ஊர் திரும்பும் அன்பர்கள், சென்னையில் ஒரு நாள் தங்கி, அவர்கள் தாமே வாய்விட்டுத் தமிழில் தம் உடல்நிலையைக் கூறும்படி செய்யலாம்.