பீடி நூலும் கோழி இறகும்

மாமா தூண்டில் கட்ட உட்கார்ந்தால் முதல் திருட்டு அத்தையின் முறத்தில்தான் நடக்கும். முக்கூடலில் அப்போது வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அத்தை திண்ணையில் காலை நீட்டி, மடியில் முறத்தை ஏற்றிக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சோறு தண்ணி மறந்துபோகும். அந்தச் சிவப்பு நூலில் ஒரு முழம் காணாமல் போனால் அத்தை தலையை நிமிர்த்தாமலேயே, "ஆத்துக்குப் போறாராக்கும் துரை" என்பாள்.

துரை என்று அவள் சொல்வதற்குக் காரணம் இருந்தது. மாமா சின்ன வயதில் நீலகிரியில் ஏதோ எஸ்டேட்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அந்த மலை ஓடைகளில் ட்ரவுட் மீனை வெள்ளைக்காரர்கள் கடல் கடந்து கொண்டுவந்து விட்டதும், 1907-இல் அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிக்கிற பண்ணையே வைத்ததும் அவருக்குக் குலதெய்வக் கதை மாதிரி மனப்பாடம். "துரைமாரு புழு தொடமாட்டாங்கடே. இறகக் கட்டி ஈ செய்வாங்க. மீனு மேல வந்து கவ்வும்." ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நம் தாமிரபரணி சித்திரை மாதத்தில் மணல் திட்டு ஓரமாகக் கால் வைத்தால் குளிக்க விளாவின வெந்நீர். அதனால் என்ன, மீன் மீன்தானே என்பது மாமாவின் கட்சி.

சேவலின் கழுத்து இறகு ஒன்று, கடையில் கிடைக்கிற ஆகச் சின்ன முள் ஒன்று, அத்தையின் நூல். முள்ளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இறகை அதன் தண்டில் சுற்றச் சுற்ற மயிர் எல்லாம் சிலிர்த்து வெளியே நிற்கும். மேலே நூலைப் போட்டு இறுக்கி, பல்லால் அறுத்து, முடிச்சில் ஒரு சொட்டு மெழுகு. தலை துவட்டாத பூச்சி மாதிரி இருக்கும். அதை ஈ என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை, மீன் எப்படி நம்பும் என்பதுதான் என் கவலை.

வெயில் தாழ நாலு மணிக்கு மேல் கிளம்புவோம். வெறுங்கையோடு வர யாருக்கும் அனுமதி இல்லை. பிள்ளைகளில் பெரியவனுக்கு மூங்கில் கம்புகள், அவன் தங்கைக்குத் தூக்குவாளி, கடைக்குட்டி எனக்குப் பொரிகடலைப் பொட்டலம். மருத மரத்து நிழலில் இருந்து அடுத்த நிழலுக்கு மணல் சுடச் சுட ஓடி, நாணல் தாண்டினால் சவக்காரமும் பாசியும் கலந்த வாசம், கல்லில் துணி அடிக்கிற சத்தம், அது எதிர்க்கரையில் பட்டு ஒரு கணம் தாமதித்துத் திரும்பி வருவது.

கம்பின் நீளத்துக்கே நரம்பு. தக்கை கிடையாது, ஈயம் கிடையாது. மணிக்கட்டை மட்டும் ஒரு சொடுக்கு. இறகு மெல்ல இறங்கித் தண்ணீர் மேல் உட்கார வேண்டும். மாமாவுக்கு உட்காரும். எங்களுக்குக் காற்று வீசி நாணலில் உட்காரும், பெரியவனின் பனியனில் உட்காரும், ஒருமுறை கரையில் காய்ந்த யாரோ ஓர் ஆச்சியின் சேலையில் உட்கார்ந்து, அந்த ஆச்சி எங்கள் வம்சத்தையே விசாரித்தாள். மாமா கோபப்பட்டதே இல்லை. சத்தம் போடாதே என்றும் சொன்னதில்லை. "பேசுங்க, பாடுங்க, குதிக்க மட்டும் செய்யாதிங்க. கரை அதிர்ந்தா அதுக்கு உடம்பெல்லாம் கேக்கும்." பிற்பாடு பாடப் புத்தகத்தில் மீனின் பக்கவாட்டுக் கோட்டு உணர்வைப் படித்தபோது, இது மாமா சொன்னதுதானே என்று வாத்தியார் முகத்தை அலட்சியமாகப் பார்த்தேன்.

எனக்கு வேறொரு தர்மசங்கடம். புழு போட்டால் மீனுக்கு அதையாவது தின்னக் கிடைக்கும்; இறகைக் கடித்தால் என்ன கிடைக்கும்? மாமாவிடம் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, "அப்போ நீ நஷ்ட ஈடு குடு" என்றார். பொட்டலத்தைப் பிரித்துப் பொரிகடலையை நுணுக்கித் தூவினேன். கொஞ்ச நேரத்தில் மேல்தண்ணி முழுக்கக் கெண்டைப்பொடி மொய்த்து, விட்ட இறகெல்லாம் பட்பட்டென்று இழுபட, தர்மம் செய்யப்போய் நான்தான் அவற்றைக் காட்டிக்கொடுத்தேன் என்பது புரியாமல் கைதட்டினேன். பிடித்தது விரல் நீள மீன், வால் அருகே மை வைத்தாற்போல் ஒரு கறுப்புப் பொட்டு, செவுள் திறந்து மூடும்போது உள்ளே தெரிகிற சிவப்பு. முள்ளின் கொக்கியை மாமா முன்கூட்டியே நசுக்கியிருப்பார், லேசாகக் கழன்றுவிடும்.

பாபநாசம் கோயில் படித்துறையில் இதே ஆற்று மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிடுகிறார்களே, அங்கே சாமி மீன், இங்கே நம் மீனா என்று ஒருநாள் கேட்டேன். "அது டிக்கெட் எடுக்காம இங்க வராதுடே" என்று முடித்துவிட்டார்.

கரையோரம் ஆழமில்லாத இடத்தில் தட்டு தட்டாகப் பள்ளம் இருக்கும். ஆண் ஜிலேபிக் கெண்டை தோண்டுவது. ஆப்பிரிக்காக்காரன், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், வந்த வேகத்தில் ஏரி குளமெல்லாம் தன் பெயரில் எழுதிக்கொண்டான். அங்கே மாமா எங்களைக் குந்தவைத்துத் தண்ணீரைக் காட்டினார். ஒரு தாய், அதன் முகத்தைச் சுற்றிக் கடுகு சிதறியதுபோல் குஞ்சுகள். அவர் கையின் நிழல் விழுந்ததும் தாய் வாயைத் திறந்தது. கடுகெல்லாம் உள்ளே போய்விட்டது. நிழல் விலகிக் கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் துப்பியது. அதற்கு வாய் வலிக்காதா என்று கேட்டதாக நினைவு. அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் தூண்டில் போடவில்லை.

இருட்டுவதற்குள் வாளியில் இருப்பதில் பாதி ஆற்றுக்கே போகும். மிச்சத்தை எங்கள் வீட்டு ஆச்சி சாம்பல் போட்டு உரசி, புளி கரைத்துக் கொதிக்கவிடுவாள். முள்தான் அதிகம்.

கோடை லீவில் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய மீனுக்கு ஆசைப்பட்டு உட்காராதீர்கள், ஐந்து வயசுக்காரனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, பொடிமீன் போதும். தின்ன ஏதாவது கொண்டுபோங்கள். இப்போது ஆற்றில் மணல் அள்ளிய குழி எங்கே கிடக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டே இறங்குங்கள், பிள்ளையின் கரண்டைக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவிடாதீர்கள்.