நிறவெறி என்பது வெள்ளைக்காரன் சமாச்சாரமா?

பள்ளிக்கூடம் முடிக்கும் வரை எனக்கு நிறவெறி என்றால் ஒரு ரயில் பெட்டிதான். 1893, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியை இறக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் செய்வான், நாம் வாங்கிக்கொள்வோம். பரீட்சையில் எழுதினால் மார்க். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றியதில்லை. போன வருடம் ஹாஸ்டலில் ஒன்று நடந்தது. சரி, முதலில் இருந்தே சொல்கிறேன்.

நான் பி.காம் மூன்றாம் வருடம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். நல்ல கருப்பு. (எங்கள் அப்பத்தா கொஞ்சுவதே 'ஏ கரிச்சட்டி' என்றுதான்.) சென்னை ஹாஸ்டலில் எனக்கு வாய்த்த அறைத்தோழன் மிசோரம்காரன், ஐசாலில் இருந்து வந்தவன். 'லால்' என்று ஆரம்பித்து மூச்சு வாங்க வைக்கிற பெயர். இரண்டு நாள் முயற்சி செய்தேன், வாயில் நுழையவில்லை. மூன்றாம் நாள் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது "டேய் கூர்க்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. ஐசால் மியான்மர் பக்கம், நேபாளம் எங்கேயோ இருக்கிறது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? கண்ணைப் பார்த்தார்கள், பெயர் பொருந்திவிட்டது. ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணனே (அவர் திருவண்ணாமலைக்காரர்) அவனைக் கூர்க்கா என்றுதான் கூப்பிடுவார்!

போன வருடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவனுக்கு அசல் வருமானச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அவன் அம்மா ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார். அவன் வகுப்பில் இருந்த நேரம் தபால்காரர் வந்து கேட்டில் பெயரைப் படித்துக் கேட்டிருக்கிறார். அங்கே நின்ற பசங்க, "அப்படி யாரும் இங்க இல்லையே சார்" என்றிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவர்களுக்குத் தெரியாது. கவர் ஐசாலுக்கே திரும்பிப் போனது. மறுபடி வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்த வருட உதவித்தொகை போனது போனதுதான்.

அன்று ராத்திரி, பாதி இங்கிலீஷ் பாதி அவனுடைய ஓட்டைத் தமிழில் சொன்னான்: "ஒரு வருஷத்துக்கு மேல இங்க இருக்கேன். என் பேர் தெரிஞ்ச ஆள் கேட்ல ஒருத்தர் இல்ல. இது ரேசிசம் மச்சி."

எனக்கு வருத்தம் வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது கோபம். "உன்னைவிட நான்தான்டா கருப்பு. கருப்பா இருக்கறவன் எப்படிடா சிவப்பா இருக்கறவன்கிட்ட நிறவெறி காட்ட முடியும்? பாசத்துலதானே கூப்பிட்டேன். மனசுல ஒண்ணும் இல்லையே" என்றேன். பெரிய பாயிண்ட் பிடித்துவிட்ட நினைப்பு வேறு. அவன் பதில் பேசவில்லை. லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

இந்த 'மனசுல ஒண்ணும் இல்ல' எனக்குப் புதிதில்லை. என் மாமா ஒரு கிரிக்கெட் பைத்தியம். 2008 சிட்னி டெஸ்ட் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் சூடாகிவிடுவார். ஹர்பஜன் தன்னைக் குரங்கு என்றார் என்பது ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் புகார். முதலில் மூன்று டெஸ்ட் தடை. அப்பீலில் இனவெறி நிரூபணமாகவில்லை என்று நீதிபதி ஹான்சன் தடையை நீக்கி, தகாத வார்த்தை பேசியதற்கு மேட்ச் சம்பளத்தில் பாதியை அபராதமாகப் போட்டார். மாமாவின் வாதம் வேறு: "அப்படியே சொல்லியிருந்தாத்தான் என்ன மாப்ள? குரங்கு நமக்கு ஆஞ்சநேயர். சாமி எப்படி திட்டாகும்?" நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு, 2007 அக்டோபரில், வதோதராவிலும் மும்பையிலும் நம் ரசிகர்கள் அதே சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கு சேட்டை காட்டினார்களே... அது பக்திப் பரவசமா? மாமாவிடம் கேட்டால் சோறு கிடைக்காது.

இதே வசனத்தை நாம் வாங்கிக்கொண்ட நாளும் உண்டு. 2017-ல் ஆப்பிரிக்க மாணவர்கள் டெல்லி பக்கம் தாக்கப்பட்டபோது, முன்னாள் எம்.பி. தருண் விஜய், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியர்களோடு எப்படி வாழ்வோம் என்கிற மாதிரி பேசிவைத்தார். நம் ஊர் கொதித்தது. அவரும் தவறான அர்த்தத்தில் சொல்லவில்லை என்று விளக்கி மன்னிப்புக் கேட்டார். அவர் மனதிலும் ஒன்றும் இல்லை!

எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவன். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "நீ நிறம் நிறம்னு ஏன் போட்டு அடிச்சிக்கிற? எங்க அப்பா இதை இனவாதம்னுதான் சொல்லுவார்" என்றான். சிங்களரையும் தமிழரையும் பக்கத்தில் நிறுத்தினால் நிறத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டபோதும், 1970-களில் பல்கலைக்கழகத்தில் சேரத் தமிழ் மாணவர்களுக்கு அதிக மார்க் வேண்டும் என்று ஆக்கியபோதும், யாரும் யாரையும் திட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஃபைலில் வேலை முடிந்துவிட்டது. தமிழிலேயே ஒரே சமாச்சாரத்துக்கு நிறவெறி, இனவெறி, இனவாதம் என்று மூன்று வார்த்தை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் அடிபட்டுப் பிறந்தது போலிருக்கிறது. நான் எனக்குத் தோதான வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிரபராதி ஆகப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உறைத்தது என்னவோ பிசினஸ் லா பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் (சிரிக்காதீர்கள்). 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 17-வது பிரிவு மோசடி. ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்வது. 18-வது பிரிவு, எண்ணம் இல்லாமலேயே தப்பான தகவலைச் சொல்லிவிடுவது. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர், எதிராளி மனதில் கள்ளம் இல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஒரு மூட்டை அரிசி வியாபாரத்துக்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அப்புறம் தேடிப் பார்த்தால், இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965 ஐ.நா. உடன்படிக்கையும் (இந்தியா 1968-லேயே சேர்ந்துவிட்டது) நோக்கம் 'அல்லது' விளைவு என்றுதான் சொல்கிறது. நிறம் என்பது அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும்தான். வம்சாவளியும் இருக்கிறது. அதை வைத்துத்தான் 2001 டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் சாதியையும் பேச வேண்டும் என்றார்கள். சாதி வேறு, இனம் வேறு என்றது இந்திய அரசு. இரட்டைக் குவளையில் டீ குடித்தவருக்கு அந்த வித்தியாசம் ருசியில் தெரிந்திருக்குமா என்ன?

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்றெல்லாம் இல்லை. "ம்" என்றான். சில நாள் கழித்து அவனே, "எங்க ஊர்ல உங்களை எல்லாம் 'வாய்'னு சொல்லுவோம். வெளியாள்னு அர்த்தம். எப்பவும் மரியாதையா சொல்றதில்ல" என்றான். தமிழில் வாய் என்றால் என்ன என்று நான் சொன்னதும், எனக்குப் பொருத்தமான பெயர்தான் என்று சிரித்தான். அது ரேசிசமா என்று கேட்டேன். "ஐசாலுக்கு வந்து வீடு வாடகைக்குக் கேட்டுப் பாரு, அப்புறம் சொல்லு" என்றான்.

இப்போது முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். கடைசி எழுத்து இன்னும் சரியாக வரவில்லை என்கிறான். பெயரையும் அறை எண்ணையும் பெரிதாக எழுதி வாட்ச்மேன் அறைக் கதவில் ஒட்டினேன். இரண்டே நாளில் யாரோ அதன் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'கூர்க்கா' என்று எழுதிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமாம். கிழித்துவிட்டு வேறு ஒட்டியிருக்கிறேன். இந்த வருட உதவித்தொகைக்கு இன்னும் தேதி அறிவிக்கவில்லை.