காற்று போகும் வழி

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. நாசில் பீய்ச்சும் டீசல் அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கம்ப்ரஷன் குறைந்தால் சூடு போதாது. காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் வெள்ளைப் புகையும் எரியாத டீசல் நெடியும்தான் வரும். மதுரை ரிங் ரோட்டோரப் பட்டறையில் தொழில் பழகவந்து நான் தெளிவாகப் புரிந்துகொண்ட முதல் விஷயம் இது.

மேலூர்ப் பக்கம் கல், ஜல்லி ஏற்றும் டிப்பர்களில் ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால், உள்ளே போகும் கல்தூசி ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். அதனாலேயே கம்ப்ரஷன் இல்லை என்றதும் "ரிங், லைனர் மாத்திரலாம்" என்று வாய் முந்துகிறது. மேஸ்திரி அதற்கு இடம் தரமாட்டார்.

"இன்ஜினை இறக்கச் சொல்றது லேசுடா. காத்து எந்தப் பக்கமா போகுதுன்னு மொதல்ல சொல்லு."

பழைய பம்பு வண்டியென்றால், ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அதில் டீசல் 1,000 பாருக்கு மேல் பாயும், தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அதற்கு ஸ்கேனர்தான்.

அடுத்து கம்ப்ரஷன் கேஜ். பெட்ரோல் வண்டிக் கேஜ் இதற்குத் தாங்காது. இன்ஜின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில், டேப்பட் சரியாக இருக்க வேண்டும். டீசலை நிறுத்தி, நாசில்களை எல்லாம் கழற்றி, அந்தத் துளையில் அடாப்டர் மாட்டிச் சுழற்ற வேண்டும். ஒரு டிப்பரில் ஐந்து சிலிண்டர் 27, 28 கிலோ காட்டின; நாலாவது 18-இல் நின்றது. சில சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் அளவு நன்றாக ஏறும். (நிறைய ஊற்றினால், டீசல் இன்ஜினில் மிஞ்சும் சிறிய இடத்தை எண்ணெயே அடைத்துப் பொய் அளவு காட்டும்.) இதில் ஏறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை அதன்பின் வருவது. இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இன்ஜின் சுழலாமல் பிடித்துக்கொண்டு, நாசில் துளை வழியே கம்ப்ரசர் காற்றை விட வேண்டும். பிறகு காதுதான் கருவி. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட் விரிசலோ. பக்கத்து சிலிண்டரில் காற்று வந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கும். பட்டறையில் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வோர் இடமாகக் காது வைத்தேன். சைலன்சர் வாயில் சீறியது.

"எக்ஸாஸ்ட் வால்வு, மேஸ்திரி."

ஹெட்டை மட்டும் கழற்றினோம். வால்வின் ஓரம் கருகி அரித்திருந்தது. புது வால்வு போட்டு, சீட்டைத் தேய்த்துப் படியவைத்து, புதுக் கேஸ்கெட்டோடு பூட்டிக் கேஜ் வைத்தபோது 27 காட்டியது. முழு இன்ஜின் வேலைக்கென்று புரட்டிக் கொண்டுவந்த பணத்தில் பெரும்பகுதியை ஓனர் திரும்ப எடுத்துப் போனார்.