நில் எனும் சொல்

தாமதம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் குறையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். பேருந்து தாமதம், தேர்வு முடிவு தாமதம், மகளின் திருமணம் தாமதம். எதைப் பற்றிச் சொன்னாலும், யாரோ ஒருவர் கடமையில் தவறிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் சுபான்ஷு சுக்லாவின் விண்வெளிப் பயணம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனபோதும் இதே குரலைத்தான் கேட்டேன். முதலில் மே 29 என்றார்கள். பிறகு ஜூன் 8, 10, 11, 19, 22 என்று தேதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆசிரியர் ஓய்வறையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர், "இவர்கள் கிளம்புவதற்குள் பெரம்பலூருக்கு ரயிலே வந்துவிடும்" என்றார். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்த நாட்களில் உள்ளே நடந்தது என்ன என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். ஏற்கெனவே ஒருமுறை பறந்து திரும்பிய ஃபால்கன்-9 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் திரவ ஆக்சிஜன் கசிவதைச் சோதனையின்போது கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் இருந்த இஸ்ரோ குழு, கசிவைச் சரிசெய்து, மீண்டும் சோதித்துக் காட்டிய பிறகே ஏவ வேண்டும் என்று உறுதியாக நின்றது. குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் இயந்திரங்களோடு வாழ்நாளைச் செலவிட்டவர். ஆக்சிஜன் செல்லும் குழாயில் விரிசல் இருந்ததென்று அவர் பின்னர் கூறினார். அது சரியானதும் அடுத்த தடை வந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் பல ஆண்டுகளாக இருந்துவந்த காற்றுக் கசிவின் போக்கு மாறியிருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் புதிய விருந்தினரை அனுப்ப நாசா விரும்பவில்லை. ஜூன் 25 அன்று ராக்கெட் கிளம்பியது. ஜூலை 15 அன்று நால்வரும் நலமாகத் திரும்பினார்கள்.

ஸ்வெஸ்தா விண்ணுக்குச் சென்றது 2000ஆம் ஆண்டில். இருபத்தைந்து வயதுப் பொருளை முதுமை எய்தியது என்கிறார்கள். சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தையும், காரையின் செம்மண் ஓடைகளில் கடல் நத்தைகளின் கல்லுடல்களையும் பார்த்து வளர்ந்த எங்கள் பகுதி மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் கல்லின் காலக் கணக்கு வேறு, கலத்தின் காலக் கணக்கு வேறு. விண்வெளி நிலையம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலில் காய்ந்து நிழலில் உறைகிறது. உலோகம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கித் தளர்கிறது.

மனிதரை ஏற்றிச்சென்ற பழைய கலங்களின் வரலாற்றைப் படித்தால், அதில் பாதிக்கு மேல் தாமதங்களின் வரலாறாக இருப்பது தெரியும். அமெரிக்க விண்ணோடங்களில் 'டிஸ்கவரி' 1984இல் முதன்முதலாகப் பறந்தது. 1995இல் அது ஏவுதளத்தில் நின்றபோது அதன் எரிபொருள் கலனைப் போர்த்தியிருந்த நுரைக் காப்பில் மரங்கொத்திகள் கூடு கட்ட முனைந்து ஏறத்தாழ இருநூறு துளைகள் இட்டுவிட்டன. ஓடத்தைத் திரும்பக் கொண்டுபோய்த் துளைகளை அடைத்து, பறவைகளை விரட்ட பிளாஸ்டிக் ஆந்தைகளை வைத்து, ஒரு மாதம் கழித்து ஏவினார்கள். 2007 பிப்ரவரியில் ஆலங்கட்டி மழை 'அட்லாண்டிஸ்' ஓடத்தின் கலனில் ஆயிரக்கணக்கான வடுக்களை ஏற்படுத்தியது. மார்ச்சில் போக வேண்டியது ஜூன் 8 அன்றுதான் போனது. விண்வெளி நிலையத்தில் இருந்த சுனிதா வில்லியம்ஸ் பூமிக்குத் திரும்பியது அந்த ஓடத்தில்தான். டிஸ்கவரியின் கடைசிப் பயணம்கூட, கலனின் உலோக விலாக்களில் விரிசல் கண்டதால் 2010 நவம்பரிலிருந்து 2011 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

இவற்றை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தடுக்கப்பட்ட விபத்துக்குத் தேதி கிடையாது, நினைவுத்தூண் கிடையாது. நமக்கு நினைவிருப்பவை நிற்காமல் போன இரண்டு பயணங்கள்.

1986 ஜனவரி 28 அன்று 'சேலஞ்சர்' புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அதற்கு முந்தைய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தைப் பற்றி விசாரணைக் குழு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு குளிரில் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று அவற்றை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். பயணம் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. பொறியாளரைப் போல் யோசிக்காதே, நிர்வாகியைப் போல் யோசி என்று அந்த நிறுவனத்தின் மூத்தவர் ஒருவர் தம் சகாவிடம் சொன்னார். முடிவு மாறியது. அந்த இரவில் நடந்த முக்கியமான மாற்றம் வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கமாக, பறக்கலாம் என்பவர் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும். அன்று, பறக்க வேண்டாம் என்றவர்களிடம் அது ஆபத்தானது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஐயத்துக்குச் சான்று கேட்டால் ஐயம் வாயடைத்துப் போகும்.

கல்பனா சாவ்லா பயணம் செய்த 'கொலம்பியா' விண்ணுக்குச் சென்ற அமெரிக்க ஓடங்களில் மூத்தது. 1981இல் முதலில் பறந்தது. 2001 ஜனவரியில் போக வேண்டிய அந்தப் பயணம் பல காரணங்களால் தள்ளித் தள்ளி 2003 ஜனவரி 16இல்தான் தொடங்கியது. புறப்பட்ட 82ஆம் விநாடியில் கலனிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இதற்கு முன்பும் பல பயணங்களில் நுரை பெயர்ந்திருந்தது, ஓடங்கள் பத்திரமாகத் திரும்பியிருந்தன. சில மாதங்களுக்கு முன் அட்லாண்டிஸிலும் இதே இடத்து நுரை விழுந்தது. அடுத்த ஓடத்தை அதற்காக நிறுத்தவில்லை. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டது மேலே போய் நின்றுவிட்டது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது, அந்த ஓட்டை வழியே வெப்பம் புகுந்தது.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். மயிலிறகுதானே என்று அளவறியாமல் ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்ற கருத்தைச் சொல்லும் குறள் அங்கே இருக்கிறது. நுரையை மயிலிறகோடு ஒப்பிடுவது எளிது, ஆனால் அது மேலோட்டமான ஒப்புமை. உண்மையான இறகு அந்த நுரை அல்ல. 'போன முறை ஒன்றும் ஆகவில்லை' என்று ஒவ்வொரு முறையும் ஏற்றிவைத்த சமாதானம்தான் இறகு. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதற்கும் எடை இல்லை. கொலம்பியா விசாரணைக் குழுவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: நுரை எவ்வளவு காரணமோ, அந்த நிறுவனத்தின் மனப்பழக்கமும் அவ்வளவு காரணம். இரண்டு ஆண்டு தாமதம் கொலம்பியாவைக் காப்பாற்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிற்பது மட்டும் போதாது, நின்று சரியான இடத்தைப் பார்க்கவும் வேண்டும்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதெல்லாம் தொலைதூரத்துக் கதை அல்ல. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. மழையில் பெருகிய வெள்ளம் பாலத்தின் கரையை அரித்திருந்தது. இயந்திரமும் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் இறங்கின. நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செப்டம்பரில் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு விலகியே விட்டார். இந்திய அரசியலில் பொறுப்பேற்பது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அரியலூரின் பெயரைச் சொல்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் மருதையாற்றைப் பார்ப்பவர்களுக்கு அது ஒரு ரயிலை விழுங்கியது என்று நம்பவே முடியாது. பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மாவட்டம் மறுபடி உருவானதும் 2007இல் ஒரு நவம்பர் 23 அன்றுதான்.

சாஸ்திரியின் விலகலை நான் மதிக்கிறேன். ஆனாலும், விபத்துக்குப் பின் பொறுப்பேற்கும் பெருமையைப் பேசும் அளவுக்கு, விபத்துக்கு முன் நிறுத்தும் அதிகாரத்தை நாம் பேசுவதில்லை. மழைக்கால இரவுகளில் இருப்புப்பாதையில் கைவிளக்கோடு நடந்து, ஐயம் வந்தால் ரயிலையே நிறுத்தக்கூடிய கடைநிலை ஊழியரைப் பற்றி நம்மிடம் எந்தக் கதையும் இல்லை.

அப்படி ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரியின் பேருந்து ஓட்டுநர் அவர். ஐப்பசி மழையில் ஒரு காலை, வழியில் இருந்த ஓடையின் தரைப்பாலத்துக்கு மேல் முழங்காலளவு நீர் போய்க்கொண்டிருந்தது. பேருந்துக்குள் நாற்பது மாணவர்கள், பத்து மணிக்குப் பருவத் தேர்வு. எங்கள் கண்முன்னேயே ஒரு சுண்ணாம்புக்கல் லாரி நீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தது. அவர் மட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டார். நான் இறங்கிப் போய்க் கேட்டேன். "பாலம் நேத்து இருந்துச்சு சார். இன்னைக்கு இருக்கான்னு தண்ணி காட்ட மாட்டேங்குது" என்றார்.

நாற்பது பேரும் தேர்வைத் தவறவிட்டார்கள். அவர்களில் ஒரு மாணவிக்கு, எல்லாத் தாள்களிலும் முதல் முறையிலேயே தேறினால்தான் ஓர் உதவித்தொகை தொடரும். அது நின்றுபோனது. அவளுடைய தந்தை கல்லூரி வாசலில் நின்று ஓட்டுநரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை: "லாரி போச்சே, நீ ஏன்யா போகல?" நீர் வடிந்தபோது பாலம் உறுதியாகவே இருந்தது. நிர்வாகம் ஓட்டுநருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தது. அவர் செய்தது சரி என்று நானும் இன்னும் சிலரும் எழுதிக் கொடுத்தோம், குறிப்பாணை திரும்பப் பெறப்படவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

நிறுத்தச் சொல்பவரின் நிலைமை இதுதான். அவர் சொன்னது சரியாக இருந்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததால் அவர் சொன்னது தவறு என்றாகிவிடும். இழப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும், அந்த மாணவியின் உதவித்தொகையைப் போல. தாமதத்துக்கு விலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த விலையை நிறுத்தியவர் ஒருவரிடமே வசூலிக்கிறோம் என்பதே என் வருத்தம்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் சொந்தத் திட்டமான ககன்யான் 2022க்குள் நடக்கும் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2025இல் இஸ்ரோ அதற்குச் சொன்ன ஆண்டு 2027. பயணத்துக்குத் தேர்வாகிய நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவசரத்தில் வீரர்களைக் காப்பாற்றும் அமைப்பின் முதல் சோதனை 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. வானிலையால் முக்கால் மணி நேரம் தள்ளிப்போன பிறகு, கிளம்ப ஐந்து விநாடிகள் இருக்கும்போது கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள், சோதனை வென்றது. அந்தக் கணினிக்கு யாரும் குறிப்பாணை கொடுக்கவில்லை. மனிதர் ஒருவர் அந்த ஐந்தாவது விநாடியில் எழுந்து நில் என்று சொல்லியிருந்தால், அவருக்கும் அதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ககன்யானின் தேதி இன்னும் மாறலாம். மாறினால் எங்கள் ஓய்வறையில் மீண்டும் கேலி எழும், பெரம்பலூர் ரயிலும் பேச்சுக்கு வரும். அப்போது, ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்பதோடு, எதைக் கண்டு நிறுத்தினார்கள் என்றும் மாணவர்கள் கேட்க வேண்டும். நிறுத்தியவர்கள் அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லவும் வேண்டும்.