யார் காதுக்குக் கமிட்டி?

லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் பேங்க் நிலையத்தின் நடைமேடை, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாத அளவுக்கு வளைந்திருக்கும். களிமண்ணுக்குள் எப்படி வேண்டுமானாலும் குடையலாமே, எதற்கு இத்தனை வளைவு என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். காரணம் காசுதான். தனியார் கட்டடத்துக்கு அடியில் குடைந்தால் உரிமையாளருக்குப் பணம் அழவேண்டும். தெருவுக்கு அடியில் குடைந்தால் அந்தச் செலவு மிச்சம். அதனால் தெரு போன போக்கிலேயே சுரங்கமும் போயிற்று. அன்றைக்கு மிச்சம் பிடித்ததை இன்றைக்கு நம் காது கட்டிக்கொண்டிருக்கிறது.

ரயிலில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சக்கரங்களும் ஒரே இருசில் இறுக்கப்பட்டவை. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். தனியாக ஓட அதற்கு வழியில்லை. தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் இழுபட்டு, ஒட்டி, வழுக்கி, மறுபடியும் ஒட்டுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இது நடந்தால் அதுதான் கீச்சொலி. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே வித்தைதான். அங்கே மட்டும் தலையாட்டுகிறோம். திறந்தவெளியில் சத்தம் காற்றோடு போய்விடும். இங்கே சுரங்கத்தின் விட்டமே சுமார் 12 அடி. போக இடமில்லாத சத்தம், காற்றுக்காகத் திறந்துவைத்த சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சன்னலை மூடிவிட்டு ஏசி போடலாமே என்றால், அது கக்கும் சூட்டைக் கொட்ட அந்தக் குழாய்க்குள் இடம் ஏது?

இந்த லைன் 1900இல் திறந்தது. அப்போது எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் இரண்டு பென்னி. வண்டியை இழுத்த மின் எஞ்சின் 44 டன். அதில் 33 டன் எந்த ஸ்பிரிங்கும் தாங்காமல் நேரே சக்கரத்தின்மேல் குந்தியிருந்தது. கீழே அது ஓட ஓட, மேலே கட்டடங்கள் அதிர்ந்தன. சீப்சைட் தெரு அலுவலகங்களில் வரைபடம் போடுகிறவர்களுக்குக் கோடு நேராக வரவில்லை என்று புகார் போயிற்று. அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர், ரேலி பிரபு.

இந்த ரேலியைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு நகர மனமில்லை. மூட்டுவாதக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர், உடம்பு தேற 1872 கடைசியில் எகிப்துக்குப் போனார். நைல் நதியில் ஒரு படகுவீடு. அதில் உட்கார்ந்து, நூலகம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், ‘ஒலியின் கோட்பாடு’ நூலை எழுதத் தொடங்கினார். 1877இலும் 1878இலும் இரண்டு பாகங்களாக வந்தது. எஞ்சின் இல்லாத பாய்மரப் படகில் இருந்துகொண்டு ஒலியைப் பற்றி யோசித்த மனிதரை எனக்குப் பிடிக்கும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உள்மாடத்தில் சுவரோரம் ஒருவர் கிசுகிசுத்தால் நூறடிக்கு அப்பால் எதிர்ச்சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி அந்த வளைந்த சுவரைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகிறது என்று விளக்கியவர் இவரே. குருவிபோலக் கத்தும் ஊதலையும், ஒலி பட்டால் துடிக்கும் தீச்சுடரையும் வைத்து ஆய்வகத்திலும் அதைச் செய்து காட்டினார். அதே தேவாலயத்தின் பக்கத்தில்தான் சென்ட்ரல் லைன் பூமிக்கடியில் போகிறது. மேலே கிசுகிசு, கீழே கூச்சல். இரண்டுக்கும் ஒரே பண்டிதர்!

கமிட்டி ஆராய்ந்ததில், எஞ்சினின் அந்த ஸ்பிரிங் தாங்காத பாரம்தான் குற்றவாளி என்று தெரிந்தது. 1903இல் எஞ்சின்கள் போய், பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைத்த வண்டிகள் வந்தன. மேலே கோடு நேரானது.

கீழே உட்கார்ந்திருந்தவர் காதுக்கு யாரும் கமிட்டி போடவில்லை. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் விதிகள், எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தொட்டால் தொழிலாளியின் காதைக் காக்கச் சொல்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியாற்றல் இரட்டிக்கிறது, தாங்கும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சுரங்க ரயிலில் சில இடங்களில் 100ஐத் தாண்டிய அளவுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பயணி தொழிலாளி அல்ல. காசு கொடுத்து ஏறியவர். சட்டத்துக்கு அவர் காது கண்ணில் படவில்லை.

இரைச்சலில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். தெற்கு லண்டனின் டூட்டிங் பக்கம் போன சுரங்க ரயிலில் நான் பார்த்த இரண்டு யாழ்ப்பாணத்து அம்மாமார் அவருக்கு அடங்கவில்லை. “அண்டைக்கு அவ வந்தவ, வந்திட்டு…” வண்டி வளைவில் நுழைந்து அலறியது. சொன்னவர் கையை உயர்த்தியபடியே நிறுத்தினார். கேட்டவர் முகத்தை மாற்றாமல் காத்திருந்தார். அலறல் ஓய்ந்ததும், “…ஒண்டும் சொல்லாமல் போட்டா.” ஒரு சொல்லும் சிந்தவில்லை.

மற்றவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. வண்டி அலறினால் காதுக்குள் பாட்டைக் கூட்டுகிறார்கள். வண்டிச் சத்தம் போதாதென்று அதற்கு மேல் இதுவும். உட்காதின் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே பாட்டைக் கூட்டாதீர்கள். மருந்துக்கடையில் நுரை அடைப்பான் விற்கிறது. விரலால் உருட்டிக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயில் ஓட்டுநர்களுக்குக் காதுக்காப்பை நிர்வாகமே கொடுக்கிறது.