ஒரு வரியால் வந்த வினை

2003ஆம் ஆண்டில் ஒருநாள் அதிகாலை, ரொரன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் அவரது தந்தையாரின் ஆண்டுத் திவசம். தந்தையாரைப் பற்றி நான் எழுதி இணையத்தில் இட்டிருந்த நினைவுக் கட்டுரையை அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க விரும்பியிருந்தார்.

"அண்ணை, பக்கத்தைத் திறந்தால் ஒரே கிறுக்கலாய்க் கிடக்குது. தமிழ் எழுத்து ஒண்டையும் காணேல்லை" என்றார்.

நானும் திறந்து பார்த்தேன். கட்டுரைகள் யாவற்றிலும் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே நிறைந்திருந்தன. எழுதியவை அனைத்தும் அழிந்துவிட்டன என்றே அஞ்சினேன்.

விசாரித்தபோது காரணம் புலனாயிற்று. வழங்கியைப் பராமரித்தவர்கள் முதல்நாள் இரவு அப்பாச்சி மென்பொருளை 1.3 பதிப்பிலிருந்து 2.0 பதிப்புக்கு உயர்த்தியிருந்தார்கள். என் கோப்புகளில் ஓரெழுத்தும் மாறவில்லை. புதிய பதிப்புடன் வந்த மாதிரி அமைப்புக் கோப்பில், பக்கங்கள் யாவும் ஐ.எஸ்.ஓ. 8859-1 குறிமுறையில் அமைந்தவை என உலாவிக்கு அறிவிக்கும் வரியொன்று இருந்தது. அக்குறிமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரியது. என் பக்கங்கள் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் யு.ரி.எஃப்-8 யூனிக்கோட் என்று எழுதியிருந்தேன். ஆயினும் பக்கத்தின் சொல்லும் வழங்கியின் சொல்லும் முரண்பட்டால் வழங்கியின் சொல்லே செல்லும் என்பது எச்.ரி.எம்.எல். 4 விதி. ஆங்கில எழுத்துகள் இரு குறிமுறைகளிலும் ஒன்றே. ஆகவே ஆங்கிலப் பக்கங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு எக்குறையும் தென்படவில்லை. அந்த வரியை நீக்கியதும் தமிழ் மீண்டது. நண்பரும் உரிய வேளையில் அச்சிட்டுக்கொண்டார்.

2012இல் 2.4 பதிப்பு வெளிவந்தபோது, யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்று கூறும் கட்டளைகள் மாறின. பழைய கட்டளைகளையும் விளங்கிக்கொள்ளும் இணைப்புக் கூறொன்றை அப்பாச்சி குழுவினர் உடன் வழங்கினர். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாமென எச்சரிக்கவும் செய்தனர். அந்தக் கூறின்றி பிரதான அமைப்புக் கோப்பில் பழைய கட்டளை இருந்தால் வழங்கி இயங்கவே மறுக்கும். பிழை உடனே தெரிந்துவிடும்.

பத்திரிகைத் தொழிலும் இதையே எனக்குக் கற்பித்தது. அச்சு இயந்திரம் நின்றால் எல்லோரும் ஓடிவருவர். படத்தின் கீழ் வேறொருவர் பெயர் விழுந்தாலோ, இயந்திரம் தடையின்றி ஓடும். விடிந்த பின் வாசகரே அதைக் கண்டுபிடிப்பார்.

இன்றும் வழங்கி மாறுகிறதென்று கேள்விப்பட்டால், முதலில் அந்த நினைவுக் கட்டுரையைத்தான் திறந்து பார்க்கிறேன்.